நான்கில் ஒன்று

ஐந்து சீட்டையும் முழங்காலில் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலால் ஓரத்தை மட்டும் நெம்பிப் பார்க்கிறார் வேதமாணிக்கம். ஒன்றைப் பார்த்ததும் கண்ணை மூடுவார். அது மனத்தில் பதிந்த பிறகே அடுத்தது. எதிரே கமால் தன் சீட்டுகளை விசிறியாக விரித்துக்கொண்டு, "சீக்கிரம் பாரு நைனா. சீட்டு இன்னா முட்டையா, அடை காத்துகினு கீறே?" என்பான்.

இருவரும் துறைமுகத்தில் டாலி கிளார்க்குகள். கப்பலிலிருந்து இறங்குவதை எண்ணிக் குறிப்பது வேலை. அரிசிக் கப்பலுக்கு எல்லோரும் ஓடுவார்கள். கரிக்கப்பலுக்கு மட்டும் யாரும் அசைவதில்லை. ஒரு நாள் அந்தத் தூளில் நின்றால் மூன்று நாள் எச்சில் கறுப்பு. அதனால் முறையில் இருக்கும் இருவர் ஒரே ஒரு கை போக்கர் ஆடித் தீர்த்துக்கொள்கிறார்கள். சண்டைக் காலத்தில் சிப்பாய்கள் சொல்லிக்கொடுத்த ஆட்டம். ஆளுக்கு ஐந்து சீட்டு, வேண்டாததை ஒரு தடவை மாற்றலாம், தோற்றவர் கரிக்கு. ஜெயித்தவன் மனமிரங்கித் தானே கரிக்குப் போனால் யாரும் தடுப்பதில்லை. வேதமாணிக்கம் இதுவரை எவரிடமும் அப்படிக் கேட்டதில்லை.

சாப்பாட்டு வேளையிலும் தீக்குச்சியைப் பந்தயமாக வைத்து ஆடுகிறார்கள். அந்தக் கைகளை நான்கு வருடமாக ஒரு நோட்டில் குறித்து வருகிறார். தம்மிடம் பெரிய ஜோடி, கமாலிடம் சின்ன ஜோடி என்று அமைந்த ஆட்டங்கள் நானூறு. மூன்று சீட்டு மாற்றி அவன் தம்மை முந்தியது தொண்ணூற்றெட்டுத் தடவை. ஏறத்தாழ நான்கில் ஒன்று. யார் மாற்றினாலும் அவ்வளவுதான் வரும். கமாலுக்கென்று தனி அதிர்ஷ்டம் எதுவும் இல்லை என்பதை அவரே கணக்குப் போட்டு நிரூபித்துவிட்டார். ஆனால் தாம் ஜெயித்த முந்நூற்று இரண்டில் ஒன்றும் அவருக்கு நினைவில்லை. தொண்ணூற்றெட்டும் கிழமையோடு நினைவிருக்கின்றன.

"பஸ்ஸுகூட அவனக் கண்டா நிக்கும் வே. நான் கையக் காட்டினா போயிரும்" என்று கிரேன்காரர் ரகுபதியிடம் சொல்வார். அவர் சொல்லாதது ஒன்றும் உண்டு. கமாலின் மனைவி சாபிரா மூன்று பிள்ளை பெற்ற எட்டு வருடமும் தம் மனைவி தேவகிருபையின் மடி காலியாகவே இருந்தது.

போன சித்திரையில் தேவகிருபைக்குப் பெண் பிறந்தாள். ஆனி மாதத்து ஒரு ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஞானஸ்நானம். மாமனார் வீட்டார் நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்திருந்தார்கள். திங்கட்கிழமை வரவேண்டிய கரிக்கப்பல் அன்று மத்தியானமே வந்து நின்றது. முறை, வேதமாணிக்கமும் கமாலும்.

ரகுபதி சீட்டுப் போட்டார். வேதமாணிக்கத்துக்கு இரண்டு ஜாக்கி. அதில் ஒன்று ஆட்டின், சிவப்பு இதயம். மற்ற மூன்று சீட்டும் ஆட்டின். ஐந்தும் ஒரே சாதியானால் எந்த ஜோடியையும் அடித்துவிடும். கமால் முதலில், "மூணு குடு" என்றான். அப்படியானால் அவனிடம் இருப்பது ஏதோ ஒரு ஜோடி. அநேகமாக ஜாக்கியைவிடச் சின்னது. ஜாக்கி ஜோடியை வைத்துக்கொண்டால் நான்கில் மூன்று பங்கு தமக்கு. அந்த நான்காவது பங்கு எதிரில் உட்கார்ந்து பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவையாவது, ஒன்றுமில்லாத கையோடு இழுத்து அவனை அடித்துவிட வேண்டும். இஸ்பேட் ஜாக்கியைக் கவிழ்த்துப் போட்டு, "ஒண்ணு" என்றார். ஐந்தாவது ஆட்டின் வருவது ஐந்தில் ஒன்று என்பதும் அவர் நோட்டில் இருக்கிறது.

வந்தது கிளாவர் நாலு.

கமால் விரித்தான். இரண்டு ஏழு. புதிதாக வந்த மூன்றும் அவனுக்கு உதவவில்லை.

கழித்த சீட்டுகளைப் பொறுக்கிய ரகுபதி கையை நிறுத்தினார். "யோவ், ஜாக்கி ஜோடிய ஒடச்சா ஆடினே? உனுக்கு இன்னா பைத்தியமா? அஞ்சு மணிக்குக் கொயந்தைக்குக் கோயில்ல ஞானஸ்நானம்யா!"

கமாலின் சிரிப்பு நின்றது. "இன்னா நைனா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லவேல்லியே? நீ வூட்டுக்குப் போ. கரிய நான் பாத்துக்கிறேன்."

"நான் கேட்டனா?"

"கேட்டாத்தான் செய்யணுமா? எட்டு வருசம் கயிச்சிப் பொறந்த புள்ள. போ நைனா."

சொன்னது மனப்பூர்வமாகத்தான். கமால் எதையும் அப்படித்தான் சொல்வான். அதுதான் தாங்கவில்லை. வேதமாணிக்கம் எழுந்து நின்று பித்தான்களைக் கழற்றினார். விசேஷத்துக்கென்று தைத்த வெள்ளைச் சட்டை. "வீட்ல சொல்லிரும் வே, அடுத்த ஞாயித்துக்கெழம வச்சிக்கிடலாம்னு" என்று ரகுபதியைப் பார்த்துச் சொன்னார். கமால் சட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். வேதமாணிக்கம் காலரைச் சரிசெய்து, கைகளை உள்ளே மடித்து, நீட்டிய அந்தக் கையைத் தாண்டி, கிரீஸ் படிந்த ரகுபதியின் கையில் சட்டையை வைத்தார்.