பாசல் ரீச்சர்

சுவிஸில் பாசலுக்கும் நான் இருக்கும் பேர்ணுக்கும் இடையில் ரயிலில் ஒரு மணி நேரம். கடல் கடந்து, எத்தனையோ எல்லை கடந்து இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தவள் நான். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் என்னால் கடக்க முடியாமல் போய்விட்டது. பாசலில் எனக்கு ஒரு ரீச்சர் இருந்தார். இரண்டு வருடங்கள் தொலைபேசியிலேயே அவரிடம் பாடம் கேட்டேன். ஒருமுறை அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்ப வேண்டும். அதைத் தவிர அந்த நாட்களில் எனக்கென்று வேறு பெரிய ஆசை எதுவும் இருக்கவில்லை.

முதலில் பலகையின் கதையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஊரில் பயிற்சி பெற்ற ஆசிரியை. இங்கே அந்தச் சான்றிதழை யாரும் மதிக்கவில்லை, ஆகவே முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மற்ற நாட்களில் கரட் வெட்டுகிறவள், புதன் பிற்பகலில் மட்டும் ரீச்சர். சுவிஸ் பிள்ளைகளுக்குப் பள்ளி இல்லாத அந்தப் பிற்பகலில் பேர்ணின் பூம்ப்ளிஸ் பகுதிப் பள்ளிக்கூடமொன்றில் எங்களுக்கு ஒரு வகுப்பறை தருவார்கள். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பேன். கையில் வெண்கட்டித் தூள் படிந்தால்தான் எனக்கு என் கையே ஞாபகம் வரும்.

ஒரு கோடை விடுமுறை முடிந்து போனபோது கரும்பலகையைக் காணவில்லை. அந்த இடத்தில் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய தொடுதிரை நின்றது. பிள்ளையொன்று அதை எங்கேயோ அழுத்த, வெள்ளைப் பக்கம் வந்தது. வெள்ளையாக இருக்கிறதே என்று நான் கைப்பையிலிருந்த மார்க்கரை எடுத்துப் பெரிதாக ஒரு ‘அ’ எழுதினேன்.

“ரீச்சர், நைன்! கூடாது!” என்று வகுப்பு முழுக்க அலறியது.

கட்டடத்தைப் பராமரிக்கிற அப்வார்ட் ஏதோ ஒரு திரவத்தோடு வந்து என் அகரத்தைத் துடைத்தார். மனிதர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லியிருப்பேன். சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி, விரலைக் காட்டி, மார்க்கரைக் காட்டி, தலையை ஆட்டி விளக்கினார். பிள்ளைகள் முன்னால் அது எனக்குப் பெரிய அவமானமாகப் போய்விட்டது.

அன்று மாலையே எங்கள் தமிழ் வகுப்புகளின் பொறுப்பாளர் அழைத்தார். நல்ல மனிதர், ஆனால் ஊசியைப் பஞ்சில் சுற்றிக் குத்துகிறவர்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு ஏலாட்டில் சொல்லுங்கோ. இஞ்சை பிறந்து வளந்த பிள்ளையள் இருக்கினம், அவையிட்டைக் குடுப்பம்.”

“எனக்கு ஏலும்” என்றேன். எப்படி ஏலும் என்று எனக்கே தெரியாது.

நாடு முழுவதிலுமுள்ள தமிழ் ஆசிரியர்களுக்கு என்று தொலைபேசியில் ஒரு குழு உண்டு. என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். நான் எட்டிப் பார்ப்பதேயில்லை. காலை வணக்கப் பூக்களையும் பிறந்தநாள் கேக்குகளையும் விலக்கிக்கொண்டு போனால்தான் அங்கே ஒரு பாடம் கண்ணில் படும். அந்த வாரம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: இந்தப் பலகையை யாருக்காவது தெரியுமா?

பாசலிலிருந்து ஒருவர் உடனே பதில் எழுதினார். முகப்படத்தில் ஒரு செம்பருத்திப் பூ. தமிழ்நாட்டுக்காரர் என்பது எழுத்திலேயே தெரிந்தது. எந்தப் பொத்தான், எந்தப் பேனா, எந்தக் கம்பி என்று கடகடவென்று எழுதித் தள்ளினார். எங்கள் ஆட்கள் எல்லாரும் கீழே “ஓம்”, “ஓம் ஓம்” என்று போட்டார்கள். அவரும் கடைசியில் பக்தியோடு “ஓம் நமசிவாய” என்று முடித்தார். நாங்கள் ‘ஆமாம்’ என்று சொல்வதைப் பாவம் அவர் வழிபாடு என்று எடுத்துக்கொண்டார். ஒருவரும் அவரைத் திருத்தவில்லை. கடவுள் பெயரைச் சொல்கிறவரை எப்படித் திருத்துவது?

எனக்கு அவர் எழுதியதில் ஒரு வரியும் பிடிபடவில்லை. “ரீச்சர், எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. கொஞ்சம் ஆறுதலாச் சொல்லுங்கோ” என்று எழுதினேன்.

மறுநாள் வேலைக்குப் போகும் பஸ்ஸில் பார்த்தால் அவரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு குரல் செய்தி. காதில் வைத்தேன்.

“டீச்சர், மனசைத் தளர விடாதீங்க. உங்களுக்கு என்ன கஷ்டம்னு நான் கேட்க மாட்டேன். எல்லார் வாழ்க்கையிலயும் இப்படி ஒரு காலம் வரும். நீங்க தனியா இல்லை, நாங்கல்லாம் இருக்கோம். அழணும்னு தோணினா அழுதுடுங்க.”

யார் செத்தது என்று நான் திகைத்துப்போனேன். பஸ் ஐரோப்பாப் பிளாட்ஸ் தரிப்பிடத்தைத் தாண்டிய பிறகுதான் மண்டையில் உறைத்தது. எங்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், மெதுவாக. அவர்கள் பேச்சில் ஆறுதல் என்றால் துக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது. நான் பொத்தானை மெதுவாகச் சொல்லித்தரக் கேட்டேன், அவர் என்னைத் தேற்றியிருக்கிறார். பக்கத்திலிருந்த கிழவர் திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கையில் கண் கலங்கிவிட்டது. அழணும்னு தோணினா அழுதுடுங்க என்று இந்த நாட்டில் என்னிடம் ஒருவரும் அதுவரை சொன்னதில்லை.

விளக்கி எழுதினேன். பதிலாக ஒரே சிரிப்பு வந்தது, மூச்சு முட்ட முட்ட. “ஐயையோ, உங்க வீட்ல ஏதோ நடந்துடுச்சுன்னு நினைச்சு நான் ராத்திரி சரியாவே சாப்பிடலை, டீச்சர்! அப்புறம், நீங்க ‘ரீச்சர்’னு எழுதுறது டைப்பிங் மிஸ்டேக்கா?”

“இல்லை ரீச்சர், நாங்கள் அப்பிடித்தான் எழுதுறனாங்கள்.”

அதற்குப் பிறகு அவர் உண்மையாகவே ஆறுதலாகச் சொல்லித்தந்தார். ஒரு செய்திக்கு ஒரு விஷயம்தான். நான் காலை பஸ்ஸில் கேட்பேன், மதிய இடைவேளையில் சந்தேகம் கேட்பேன். பள்ளிக் கணினியில் தமிழ் எழுத்து உடைந்து வந்தது. ‘கொ’ என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் ஒரு புள்ளிவட்டம். “பாடத்தை எழுத்தா கொண்டுபோகாதீங்க, படமா மாத்திக் கொண்டுபோங்க. படம் உடையாது” என்றார். விடையைத் திரை போட்டு மறைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் காட்டவும், பிள்ளைகளின் குரலைப் பதிந்து அவர்களுக்கே போட்டுக் காட்டவும் அவர்தான் பழக்கினார்.

ஒரு புதன்கிழமை பலகை நான் சொன்னதைக் கேட்டது. பிள்ளைகள் எழுத வரிசையில் நின்றார்கள். பின்வரிசை வாங்கில் தலையைத் தொலைபேசிக்குள் வைத்திருக்கிற பெரிய பெண் கூட எழுந்து வந்து ‘மழை’ என்று எழுதினாள். நான் அதைப் படமெடுத்துப் பெருமையாகப் பாசலுக்கு அனுப்பினேன். பலகையைப் புகழ்வார் என்று எதிர்பார்த்தேன்.

“டீச்சர், அந்தப் பொண்ணு ‘ழ’வை எவ்வளவு அழகா சுழிச்சிருக்கா! எப்படிச் சொல்லிக்கொடுத்தீங்க?”

அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு நான் எத்தனை நாள் வாழ்ந்தேன்! இங்கே என்னோடு கதைக்க ஆட்கள் இல்லாமல் இல்லை. மண்டபத்துக்குப் போனால் சேலை, வீடு, யாருடைய மகள் யாரைக் கட்டப் போகிறாள் என்று காது நிறையக் கதைப்பார்கள். எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கும் அப்படித்தான். மதுரையில் கல்லூரியில் கணினி படிப்பித்தவர். மருந்துக் கம்பனியில் வேலை கிடைத்த கணவரோடு வந்து, இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் யாரோ வீட்டு வரவேற்பறையில் சில பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார். “பாசல்ல என்னை எல்லாருக்கும் இன்னாரோட வைஃப்னுதான் தெரியும். டீச்சர்னு கூப்பிட நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க” என்று ஒருநாள் சொன்னார்.

தொலைபேசியில் முகம் பார்த்துக் கதைக்க அவருக்கு விருப்பமில்லை. “அதெல்லாம் நேர்ல பார்க்கும்போது பார்த்துக்கலாம். செம்பருத்தி போதும் இப்போதைக்கு” என்பார். நானும் ஒப்புக்கொண்டேன். அந்தக் குரலுக்கு நானே ஒரு முகம் செய்து வைத்திருந்தேன்: உயரம், நீளப் பின்னல், பெரிய பொட்டு.

இருவருக்கும் பாதி வழி ஓல்ற்றன். இந்த நாட்டில் பாதி வழியில் சந்திக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் சந்திப்பார்கள். “ஓல்ற்றனிலை சந்திப்பம் ரீச்சர்” என்பேன். முதல்முறை சேலை மடித்து வைத்து, புறப்படும் நேரத்தில் சமையலறையிலிருந்து அழைப்பு: இருவருக்குச் சுகமில்லை, உடனே வா. அடுத்த முறை அவருடைய மகளுக்குக் காய்ச்சல். பிறகு பனி, பிறகு பரீட்சை, பிறகு விருந்தாளிகள். ஒரு தடவை லுசேர்ணுக்குக் கல்யாணத்துக்குப் போகும் வழியில் ஓல்ற்றனில் ரயில் மாறினேன். மேடையில் நின்ற பெண்களையெல்லாம் பைத்தியக்காரி மாதிரி உற்று உற்றுப் பார்த்தேன். அவர் அன்று அங்கே வரப்போவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கண் கேட்கவில்லை.

பிறகு ஒரு காலை, பஸ்ஸில், அந்தச் செய்தி வந்தது. கணவரின் ஒப்பந்தத்தை நீட்டவில்லை. இந்தியாவுக்கே திரும்புகிறார்கள், இனிமேல் சென்னையில் இருப்பார்களாம்.

“ஸ்கூல் முடியற வாரம் கிளம்பறோம், டீச்சர். இந்தத் தடவை ஓல்டனும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். கடைசி புதன்கிழமை நேரா உங்க கிளாஸுக்கே வந்துடறேன். நீங்க பாடம் எடுக்கிறதை நான் பார்க்கணும்.”

அந்தப் புதன் காலை வேலையையும் நான் வேறு நாளுக்கு மாற்றிக்கொண்டேன். பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தேன்: பாசலில் இருந்து ஒரு ரீச்சர் வருகிறார், ஜெர்மன் கதைக்கக்கூடாது. அப்வார்ட்டிடம் கேட்டுப் பெரியவர்கள் உட்காரும் நாற்காலியொன்று வாங்கிப் பலகைக்குப் பக்கத்தில் போட்டேன். அன்று காலை வடை சுட்டேன்.

எண்ணெயில் கடைசி ஈடு கிடக்கும்போதே செய்தி வந்துவிட்டது. வீடு ஒப்படைக்கும் நாளை வீட்டு நிர்வாகம் அந்தப் பிற்பகலுக்கு மாற்றிவிட்டதாம். இந்த நாட்டில் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம், வீடு ஒப்படைப்பதைத் தள்ளிவைக்க முடியாது. அடுப்புக்குள் ஒரு பொட்டு எண்ணெய், குழாயில் ஒரு வெள்ளைக் கறை இருந்தாலும் நின்று துடைக்க வைப்பார்கள். எனக்கு அது தெரியாதா? தெரிந்துமே கோபம் வந்தது. நிர்வாகத்தின் மேல், கணவரின் கம்பனியின் மேல், அவர் மேலும்தான். இரண்டு வருடத்தில் ஒரு தேத்தண்ணிக்கு இடமில்லாமல் போயிற்றே என்று வடைச் சட்டிக்கு முன்னால் நின்று அழுதேன். “பரவாயில்லை” என்று எழுதினேன். அது பச்சைப் பொய்.

“நான் பலகையில வர்றேன், டீச்சர். நீங்க கூப்பிடுங்க” என்று பதில் வந்தது.

பாடத்தின் நடுவில் அழைத்தேன். திரை ஒருமுறை சுற்றிவிட்டு அவரைக் காட்டியது. பின்னலும் இல்லை, பொட்டும் இல்லை. கட்டையாக வெட்டிய நரைமுடி, மூக்கில் இறங்கிய கண்ணாடி, சோர்ந்த சிரிப்பு. காலி வீட்டின் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் செய்து வைத்திருந்த முகம் அந்தக் கணமே மறந்துபோனது.

“வணக்கம் ரீச்சர்!” என்று பிள்ளைகள் கத்தினார்கள். வெறும் அறையில் அவர் குரல் எதிரொலித்தது: “வணக்கம் கண்ணுங்களா. நீங்க படிங்க, நான் சும்மா பார்த்துட்டு இருக்கேன்.”

படிப்பித்தேன். அவர் பார்க்கிறார் என்று தெரிந்து படிப்பித்த பாடம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் பக்கத்தில் கதவு மணி அடித்தது.

“வந்துட்டாங்க டீச்சர். போகணும்.”

நான் பலகைக்கு அருகில் போனேன். கமெரா திரையின் உச்சியில் இருக்கிறது. “கிட்ட வந்தா உங்க தலைமுடி மட்டும்தான் தெரியுது!” என்று சிரித்தார். என்ன நினைத்தேனோ, கையை நீட்டி அவர் கன்னத்தைத் தொட்டேன். திரைக் கண்ணாடி இளஞ்சூடாக இருந்தது. விரல் பட்டாலே எழுதுகிற பலகைப் பேனாவை நிறுத்த மறந்திருக்கிறேன். என் விரல் போன வழியெல்லாம் அவர் முகத்தின் மேல் நீலக் கோடு இழுபட்டது. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

“என்ன, ஏன் சிரிக்கிறாங்க?”

“ஒண்டுமில்லை ரீச்சர். பலகையிலை கை பட்டுக் கோடு விழுந்திட்டுது.”

“பதறாதீங்க. உள்ளங்கையை விரிச்சு வச்சு அப்படியே தடவுங்க, அழிஞ்சிடும்.”

தடவினேன். நெற்றியிலிருந்து கன்னம் வரை, கன்னத்திலிருந்து தாடை வரை. அங்கே மணி இரண்டாம் தடவை அடித்தது. “போச்சா?” என்று கேட்டார்.

“இன்னும் இல்லை ரீச்சர்” என்றேன். கோடு முதல் தடவலிலேயே போய்விட்டிருந்தது.