எப்போதும், பெரும்பாலும், சில நேரம்

அவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் மாமியார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே வைத்துவிட்டார். காலையில் பல் துலக்கத் தொடங்கினால் விளக்கை அணைக்கும் வரை அவள் வாய் ஓயாது. எதிர்வீட்டு நாய் எதற்குக் குரைத்தது என்பதற்குக்கூட அவளிடம் ஒரு கதை இருக்கும். "இந்த ரேடியோவை நிறுத்தற பட்டன் எங்கடா இருக்கு?" என்று மகனிடம் கேட்டார் மாமியார். மகன் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் "பிரேக், பிரேக்" என்று கத்திவிட்டு வந்து வீட்டில் வாயைத் திறக்காத மனிதர். "நானும் தேடிக்கிட்டுத்தான்மா இருக்கேன்" என்றார். அன்றிலிருந்து தெருவுக்கே அவள் ரேடியோ ஆகிவிட்டாள்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். நாள் முழுக்க போனில் பேச வேண்டும், ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. இனி குணமாக்க வழியில்லை என்று டாக்டர்கள் கைவிரித்தவர்களை, வலி தெரியாமல் கடைசி வரை பார்த்துக்கொள்ள வீட்டுக்கே நர்ஸ் அனுப்புவார்கள் அல்லவா, ஹாஸ்பிஸ் என்று, அந்த அமைப்புகள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று விசாரித்து மதிப்பெண் போடும் அலுவலகம் அது. நோயாளி போய்ச் சேர்ந்து சில மாதமான வீட்டுக்கு போன் செய்ய வேண்டும். "வலி வந்தபோது போதிய உதவி கிடைத்ததா? எப்போதும், பெரும்பாலும், சில நேரம், ஒருபோதும் இல்லை. இதில் ஒன்றைச் சொல்லவும்." திரையில் இருப்பதை இருக்கிறபடியே படிக்க வேண்டும். எதிர்முனையில் ஒருவர் உடைந்து அழுதாலும் "அடப் பாவமே" என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் பதில் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். சூப்பர்வைசர் எந்த நேரமும் அழைப்பில் புகுந்து ஒட்டுக்கேட்பார். கடைசியில் "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஒரு கேள்வி உண்டு. அதற்குத் திரையில் இரண்டு வரி பிடிக்கிற கட்டம் ஒன்று இருக்கும். ஒருவர் அரைமணி நேரம் மனதைக் கொட்டினாலும் அதில் இரண்டு வரிதான் ஏறும்.

பக்கத்து சீட்டுக்காரிக்கு ரேடியோ வைத்த பெயர் சட்டம். திரையில் இருக்கும் முற்றுப்புள்ளியைக்கூட மாற்றிப் படிக்காதவள். "அவங்க அழறப்போ நீ என்னடி பண்ணுவே?" என்று ஒருமுறை கேட்டதற்கு, "நிக்கிற வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் அடுத்த கேள்வி" என்றாள். ஆனாலும் சாப்பாட்டு நேரத்தில், காலை முழுக்க அடக்கிவைத்த பேச்சை ரேடியோ கொட்டும்போது, தலையாட்டிக்கொண்டே கேட்பவள் அவள் ஒருத்திதான்.

மாமியாருக்கு இந்த வேலையில் துளியும் மதிப்பில்லை. "செத்தவங்க வீட்டுக்கு போன் போட்டு மார்க் கேக்கறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்பார். "சரி, எனக்கு என்ன மார்க் போடுவே?"

"பெரும்பாலும் தொல்லை, அத்தை."

"பரவாயில்லையே. நான் எப்போதும்னு நினைச்சேன்."

அந்த மாமியாருக்குத்தான் வயிற்றில் கட்டி வந்தது. கண்டுபிடித்தபோது அது எங்கெங்கோ பரவியிருந்தது. வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையில் ஜன்னலோரமாகக் கட்டிலைப் போட்டார்கள். ஒருநாள் மகன் வேலைக்குப் போன பிறகு, அந்த அம்மாள் மருமகளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இருபது வருஷத்தில் மருமகளிடம் ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கெஞ்சிக் கேட்டதில்லை அவர்.

"சாகறதுக்கு எனக்குப் பயமில்ல. வலிக்குத்தான் பயமா இருக்கு. அது வர்றப்போ என்னைத் தனியா விட்டுடாதே."

"விடமாட்டேன் அத்தை" என்றாள். 

எந்த ஹாஸ்பிஸை வைப்பது என்று பேச்சு வந்ததும் வீடு மொத்தமும் அவள் முகத்தைப் பார்த்தது. வேறு யாரைப் பார்க்கும், அதே வேலையில் இருக்கிறவளாயிற்றே. அந்தப் பகுதிக்கு வருகிறவை இரண்டே அமைப்புகள். ஒன்று, பெயர் எழுதிய பெரிய வெள்ளை வண்டியில் வருபவர்கள். எல்லாக் கேள்விக்கும் உச்ச மதிப்பெண் வாங்கியவர்கள். இன்னொன்று சின்ன இடம், நர்ஸ் ஸ்கூட்டரில் வருவாள். "சொன்ன நேரத்துக்கு வந்தார்களா?" என்ற கேள்வியில் அவர்கள் மண்ணைக் கவ்வியிருந்தார்கள்.

வெளியூரில் இருக்கும் நாத்தனார் வீடியோ காலில் வந்தார். கணவருக்கு அக்கா, அதனால் வீட்டு விஷயங்களில் தீர்ப்பு அவருடையது. "இதுல யோசிக்க என்ன இருக்கு? வண்டிக்காரங்களை வைங்க."

"ஸ்கூட்டர்காரங்களை வைக்கலாம்னு தோணுது அண்ணி."

"உங்க ஆபீஸ் போட்ட மார்க்கை நீயே நம்ப மாட்டியா? அப்புறம் எதுக்கு அந்த வேலைக்குப் போறே?"

கேள்வி என்னவோ நியாயமானதுதான். ஆனால் அவளுக்குத் தெரிந்ததை வெளியே சொல்ல முடியாது; குடும்பங்கள் சொல்வது அந்த ஹெட்போனுக்குள்ளேயே செத்துப்போக வேண்டும். எப்போதோ ஒரு பெரியவர், ஸ்கூட்டர்காரர்களின் நேரத்துக்கு "சில நேரம்" என்று சொல்லிவிட்டுக் கடைசிக் கேள்வியில் சொன்னார்: "லேட்டாத்தான்மா வரும் அந்தப் பொண்ணு, ஒரே ஆளு எத்தனை வீட்டைப் பாக்கும். ஆனா முதல் நாளே என்னை உக்கார வச்சு மருந்து குடுக்கக் கத்துக்குடுத்துடுச்சு. வர்ற வரைக்கும் போனை வைக்காது. என் வீட்டுக்காரி அது குரலைக் கேட்டே தூங்கிப்போவா." வண்டிக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் "எப்போதும்" கொடுத்த ஒரு பெண்ணோ, கடைசியில் இப்படிச் சொன்னாள்: "டாண்ணு வந்தாங்க, டாண்ணு போனாங்க. வலி அவங்க போனப்புறம் வந்துச்சு. மருந்துப் பெட்டி அவங்க வண்டியிலேயே போயிடுச்சு." இரண்டையும் இரண்டிரண்டு வரியாகச் சுருக்கிக் கட்டத்தில் போட்டவள் ரேடியோதான். மதிப்பெண் போடுகிறவர்கள் அந்தக் கட்டத்தை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

ஆகவே அவள் ஒரு காரியம் செய்தாள். விடுமுறை நாளில், ஒரு மருமகளாக இரண்டு இடத்துக்கும் போன் போட்டாள். திரையில் இல்லாத ஒரே ஒரு கேள்வியைக் கேட்டாள். "உங்க ஆள் வர்றதுக்கு முன்னாடி அத்தைக்கு வலி வந்தா நான் என்ன செய்யணும்?"

"எங்களைக் கூப்பிடுங்க மேடம், உடனே ஆள் அனுப்புவோம்" என்றது வண்டிக்காரர்களின் தேன் குரல்.

"அவங்க வந்து சேர்ற வரைக்கும்?"

"காத்திருங்க மேடம்."

ஸ்கூட்டர்காரர்களிடம் நர்ஸே போனை எடுத்தாள். கேள்வியைக் கேட்டுவிட்டுத் திருப்பி அவளைக் கேட்டாள்: "நீங்கதான் கூட இருப்பீங்களா? உங்களுக்குக் கை நடுங்குமா?"

"நடுங்கும்."

"சரி, பழகிக்கலாம்."

ரேடியோ முடிவு செய்துவிட்டாள். நாத்தனார் பொரிந்து தள்ளினார். "எங்கம்மாவை வச்சுப் பரிசோதனை பண்றே. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உன்னைத்தான் கேப்பேன், ஞாபகம் வச்சுக்கோ." கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அவ சொல்ற மாதிரியே இருக்கட்டும்க்கா" என்றார். அந்த மாதத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். பேச்சு அத்துடன் முடிந்தது. முன்பின் தெரியாத ஒரு கிழவர் போனில் சொன்னதை நம்பி மாமியாரின் கடைசி நாட்களைப் பணயம் வைத்துவிட்டோமோ என்று ரேடியோ அன்றிலிருந்து கலங்கிக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் முதல் நாளே தாமதமாகத்தான் வந்தாள். "வந்துட்டாங்க மகாராணி" என்றார் மாமியார், கட்டிலில் இருந்தபடியே. நர்ஸ் சிரித்துக்கொண்டே ஒரு சின்னப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். ஊசியில்லாத சிரிஞ்சில் வெறும் தண்ணீரை எடுத்து, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே விடுவதற்கு ரேடியோவைப் பழக்கினாள். முதலில் நர்ஸ் வாயில், பிறகு மாமியார் வாயில். "இவ என் வாயை அடைக்கணும்னு எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருந்தா தெரியுமா?" என்று மாமியார் நர்ஸிடம் முறையிட்டார். நீல மூடி வலிக்கு, மஞ்சள் மூடி குமட்டலுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் வரை நர்ஸ் விடவில்லை.

ஒரு மத்தியானம், வீட்டில் வேறு யாருமில்லாதபோது வலி வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமேயில்லை என்று சொல்லும்படி வந்தது. மாமியார் கத்தவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்த கை வெளுத்து, வாய் கோணிக்கொண்டது. ரேடியோ போனை எடுத்தாள்.

"நான் ஊருக்கு அந்தப் பக்கம் இருக்கேன்க்கா, பாலத்துல வண்டி நகரல" என்றாள் நர்ஸ். "வச்சிடாதீங்க. ஸ்பீக்கர்ல போட்டுத் தலையணை கிட்ட வைங்க. நீல மூடியை எடுத்தீங்களா?"

"எடுத்துட்டேன்."

"கை நடுங்குதா?"

"நடுங்குது சிஸ்டர்."

"நடுங்கட்டும். மெதுவா. நாம பழகின மாதிரி."

மருந்து உள்ளே போனது. ஆனால் வலி உடனே கேட்டுவிடுமா என்ன? மாமியாரின் விரல்கள் மருமகளின் மணிக்கட்டில் பதிந்தன. நாத்தனாரின் குரல் காதுக்குள் கேட்டது. என் தலையெழுத்து, நானே இழுத்து விட்டுக்கொண்டேன் என்று நினைத்தாள்.

"இப்ப நீங்க பேசுங்கக்கா" என்றாள் நர்ஸ், ஹாரன் சத்தத்துக்கு நடுவிலிருந்து. "அவங்களுக்கு உங்க குரல்தான் பழக்கம்."

"என்னத்தைப் பேசறது?"

"எதை வேணா. நான் லைன்லதான் இருக்கேன்."

 ரேடியோ எதிர்வீட்டு நாயில் தொடங்கினாள். அது புது செருப்பை மட்டும் தேடிக் கடிக்கிறது என்றாள். அங்கிருந்து சூப்பர்வைசரின் தலைச்சாயத்துக்குத் தாவி, கணவரின் டிரைவிங் ஸ்கூல் வண்டியைச் சுவரில் ஏற்றிய பெண்மணி "சுவர் நேத்து இங்க இல்ல சார்" என்று சொன்ன கதைக்கு வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினாள்.

மாமியாரின் உதடு அசைந்தது. அவள் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

"நிறுத்தாதேடி" என்றார் மாமியார்.

அவள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய வழியப் பேசினாள். மணிக்கட்டைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. முகம் இளகியது. நர்ஸ் வியர்த்து விறுவிறுத்து வாசலுக்கு வந்தபோது மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். போன் இன்னும் தலையணையருகில் உயிரோடிருந்தது, ரேடியோவும் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் மாமியார் பழையபடி ஆகிவிட்டார். "உன் சிஸ்டருக்கு என்ன மார்க்?"

"நீங்களே சொல்லுங்க அத்தை."

"லேட்டு. சில நேரம்னு போடு."

"எனக்கு?"

அந்த அம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "உனக்கும் சில நேரம்தான்" என்றார். பிறகு, "இந்த வீட்டுல அதுக்கு மேல நான் யாருக்கும் குடுத்ததில்ல" என்றார்.

அப்புறம் சில வாரங்கள் இருந்தார். வலி வந்தது, மருந்து முந்திக்கொண்டது. ஒரு காலை நேரத்தில், மகன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போது, மருமகள் எதையோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, மூச்சு அடங்கியது. நர்ஸ் அன்றைக்கும் பின்னால்தான் வந்தாள். ஊரிலிருந்து ஓடிவந்த நாத்தனார் கேட்டது ஒரே கேள்வி: "கடைசியில வலிச்சுதா?" "இல்ல அண்ணி" என்றாள். நாத்தனார் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.  அதற்குப் பிறகு பல நாள் வீடு வெறிச்சென்று இருந்தது.

மாதங்கள் கழித்து, அலுவலகத்தில் அவள் செல்போன் அடித்தது. பார்த்தால் அலுவலக எண். இடப்பக்கம் திரும்பினாள். சட்டம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், வெளியே போ என்று கையை மட்டும் காட்டினாள். யாரைக் கேட்பது என்று போடும் குலுக்கலில் அவள் எண் வந்திருக்கிறது, வந்தது சட்டத்தின் கைக்கு. முகத்துக்கு முகம் கேட்கக் கூடாது, போனில்தான் கேட்க வேண்டும் என்பது விதி. ரேடியோ மாடிப்படிக்குப் போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சட்டத்தின் முதுகு தெரிந்தது.

"வணக்கம். பேச வசதியான நேரமா?"

"உனக்குத் தெரியாதா? வசதிதான்."

"நன்றி. முதல் கேள்வி." சட்டம் தன் பெயருக்குக் குறையில்லாமல் படித்துக்கொண்டே போனாள். வலிக்கு உதவி கிடைத்ததா? எப்போதும். மருந்து கொடுக்கச் சொல்லிக்கொடுத்தார்களா? எப்போதும். "நர்ஸ் சொன்ன நேரத்துக்கு வந்தாரா?"

இது எத்தனை மதிப்பெண்ணைத் தின்னும் என்று ரேடியோவுக்குத் தெரியாதா? எப்போதும் என்று சொல்லிவிடலாம். கேட்பவள் மறுத்துப் பேச விதியில்லை. ஆனால் மாமியார் போட்ட மார்க்கை மாற்ற அவள் யார்?

"சில நேரம்" என்றாள். 

விசை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?"

எத்தனை வீடுகளிடம் இதை அவள் கேட்டிருக்கிறாள். இப்போது வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது. கண்ணாடிக்குள் சூப்பர்வைசர் சட்டத்தின் நாற்காலிக்குப் பின்னால் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். அடுத்த கேள்வி என்று ஒன்று இல்லை. நன்றி சொல்லி முடித்துவிட வேண்டியதுதான் விதி.

சட்டம் திரும்பிப் பார்க்காமலே அவரிடம் பொறுங்கள் என்று கைகாட்டினாள்.

"மெதுவா சொல்லு" என்றாள், திரையில் இல்லாத குரலில். "நான் லைன்லதான் இருக்கேன்."

ரேடியோ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ரேடியோன்னு பேர் வச்சது எங்க அத்தை" என்று ஆரம்பித்தாள்.