காசிம் ராவுத்தர் நடத்திய சனிக்கிழமை வகுப்பு

புதன்கிழமை காலை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் நின்றுகொண்டிருந்தேன். ராவுத்தரின் மகன் போனில் கூப்பிட்டான். "அத்தா மௌத்தாயிட்டாங்கண்ணே" என்றான். விடிகாலைத் தொழுகை முடித்துவிட்டுச் சற்றுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இந்த வாரம் மாதத்தின் முதல் சனிக்கிழமை வருகிறதே, அதற்குள் இந்த மனிதர் எப்படிப் போகலாம் என்று கோபம்தான் வந்தது. அவரோடு பழகியவர்களுக்கு இந்தக் கோபம் புரியும்.

பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். காசிம் ராவுத்தர் பாலக்காட்டுப் பக்கம் புதுநகரத்துக்காரர். இளவயதில் ஏலக்காய் வாங்க மலையேறி வந்து, ஆனைக்கரையிலேயே தங்கிவிட்டவர். எங்கள் வட்டாரத்தில் பெரிய தோட்டமும் பெரிய வியாபாரமும் அவருடையவை. நான் கம்பத்திலிருந்து வந்து அவருக்குப் பக்கத்தில் சின்னத் தோட்டம் வைத்திருக்கிறேன். அவர் எனக்கு உறவும் இல்லை, கூட்டாளியும் இல்லை. ஆனால் பதினேழு வருடமாக ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். இடையில் ஐந்து மாதம் போகவில்லை. அதற்கும் வருகிறேன்.

அந்த முதல் சனிக்கிழமை பிரியாணிக்கு என்றுதான் எங்களைக் கூப்பிட்டார். தோட்ட முதலாளிகள் பதினொரு பேர் போனோம். விலை பற்றிப் பேசப் போகிறார் என்று நினைத்தோம். சாப்பிட்டுக் கை கழுவியதும், காய் தரம் பிரிக்கும் கூடத்தில் எங்களை நாற்காலியில் உட்காரவைத்து அவர் மட்டும் நின்றார். "நான் செஞ்சது ஒண்ணு சொல்றேன். மூணு வருஷம் காய்க்குப் பச்சைச் சாயம் போட்டேன். யாரும் பிடிக்கலை. பிடிக்காததுனால நல்லவன்னு ஊர் சொல்லுது. அதைக் கேட்டுக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருக்க?" என்றார். சாயம் போடாத கை அங்கே எத்தனை இருந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். சோற்றுக்குப் போனவன் இப்படி மாட்டிக்கொண்டேனே என்று நான் வாசலைப் பார்த்தேன். அவர், அடுத்த மாதமும் இதே நாள் வாருங்கள், ஆளுக்கு ஒன்று சொல்லலாம் என்றார். பிரியாணி உண்டா என்று யாரோ கேட்டார்கள். டீ உண்டு என்றார்.

ஆச்சரியம், எல்லோரும் போனோம். வகுப்புக்கு ஒரே விதிதான் இருந்தது. பேச்சை "நான் செஞ்சது" என்று தொடங்க வேண்டும். ஒருமுறை ஒருவர் "எங்க கங்காணி என்ன செஞ்சான்னா" என்று ஆரம்பித்தார். ராவுத்தர் கையைக் காட்டி நிறுத்தினார். கங்காணியை அடுத்த மாதம் கூட்டி வாருங்கள், அவர் கதையை அவர் சொல்லட்டும், இப்போது உங்கள் கதை என்றார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்தது. நான் ஒருநாள் ரொம்பச் சாமர்த்தியமாக, ஊரோடு ஒத்து வாழ் என்றுதானே பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள் பாய் என்றேன். "ஒத்து வாழத்தான் சொன்னாங்க தம்பி. ஒத்துக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்லலை" என்றார்.

நாலைந்து வருடம் ஆனதும் எனக்குச் சலித்துவிட்டது. சாயத்தை விட்டாயிற்று. மருந்தடித்த மறுநாளே பெண்களைத் தோட்டத்துக்குள் அனுப்புவதையும் விட்டாயிற்று. கல்லூரி என்றால்கூட மூன்று வருடத்தில் பட்டம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், இந்தப் படிப்புக்குக் கடைசி நாள் எப்போது பாய் என்று கேட்டேன். அவர் நிதானமாக டீயை ஆற்றினார். "குளிக்கிறதுக்குக் கடைசி நாள் உண்டா? ஒருநாள் உண்டு. அன்னைக்கு நாம குளிக்க மாட்டோம், அடுத்தவங்க குளிப்பாட்டுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இனி ஜீப்பு விஷயத்துக்கு வருகிறேன். காய் எடுக்கும் பெண்கள் கம்பம் பக்கத்து ஊர்களிலிருந்து விடியுமுன்பே புறப்பட்டு, மெட்டு என்கிற மலைப்பாதையில் ஏறி வருகிறவர்கள். எட்டுப் பேர் உட்காரும் ஜீப்பில் பதினெட்டு, இருபது பேர் வருவார்கள். மலையில் எல்லாத் தோட்டத்துக்கும் அப்படித்தான். ஒரு சீசன் காலையில் ராவுத்தர் தன் தோட்ட வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். ஜீப்பிலிருந்து இறங்கிய பேச்சியம்மா நொண்டி நொண்டி நடந்தாள். நெடுநாளாக அவர் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். காலில் என்ன என்று கேட்டாராம். மரத்துப்போச்சு மொதலாளி என்றிருக்கிறாள். உட்கார்ந்துதானே வந்தாய் என்றாராம். "உக்காந்து வந்தது நான் இல்ல மொதலாளி. என் மடியில ரெண்டு பேரு உக்காந்து வந்தாளுக" என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுக்கப் போய்விட்டாள்.

மறுநாள் ராவுத்தர் என்ன செய்தார் தெரியுமா? அறுபத்தெட்டு வயது. சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் உண்டு. சொந்தமாக இரண்டு கார் வைத்திருந்தவர். முதல் நாளே கம்பத்துக்கு இறங்கி அங்கே தங்கி, விடிகாலையில் அந்தப் பெண்களோடு அதே ஜீப்பில் ஏறிவிட்டார். பெண்கள் இடம் விட்டு ஒதுங்கியிருக்கிறார்கள். வேண்டாம் என்று பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே மெட்டு முழுவதும் ஏறி வந்தார். யாரும் அவரைக் கேள்வி கேட்கவில்லை. எந்த அதிகாரியும் வந்து கட்டாயப்படுத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவர்தான் முதலில் எழுந்து நின்றார். "இத்தனை வருஷமா இங்க உக்காந்து காயோட நிறத்தைப் பத்திப் பேசினோம். காய் எடுக்கிறவ எப்படி வர்றான்னு ஒருத்தரும் கேக்கலை. நான் செஞ்சது இதுதான். தினம் என் வாசல்ல வந்து நின்ன ஜீப்பை நான் பாக்கலை" என்றார். அன்று முதல் அவர் தோட்டத்து ஜீப்பில் எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்றார். மற்றவர்களைச் செய்யச் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு எரிந்தது. ரோட்டில் நடப்பது டிரைவர் பாடு, நமக்கென்ன என்று கத்தினேன். சீசனில் ஜீப்பு இரண்டு நடை, மூன்று நடை அடித்தால் கடைசிக் கூட்டம் வந்து சேரப் பத்து மணியாகும், காய் பழுத்து உதிர்ந்து போகும் என்றேன். நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். அந்த ஐந்து மாதம் அதுதான்.

அவர் சமாதானம் பேச வரவில்லை. ஒவ்வொரு முதல் சனிக்கிழமை காலையிலும் என் வேலியோரம் வந்து நின்று, "மூணு மணிக்கு, செல்வம்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஐந்தாவது தடவை, திங்கட்கிழமை என்னோடு ஜீப்பில் வருகிறாயா என்று மட்டும் கேட்டார். வீம்புக்குத்தான் போனேன். என் தோட்டத்து ஜீப்பு அது. மூன்றாவது வளைவில் எதிரே லாரி வந்தது. டிரைவர் ஒடித்துத் திருப்பினான். விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கால் படியிலிருந்து நழுவியது. ராவுத்தர் அவள் முழங்கையைப் பிடித்தார், நான் அவள் சேலையைப் பிடித்தேன். கீழே ஒன்றும் தெரியவில்லை, மூடுபனிதான். அவள் சிரித்துக்கொண்டே, வாரத்துக்கு ரெண்டு தடவை இப்படி ஆகும் மொதலாளி என்றாள். மறுநாளிலிருந்து என் தோட்டத்துக்கும் மூன்று நடை. அடுத்த முதல் சனிக்கிழமை போய் "நான் செஞ்சது" என்று நின்றேன்.

நேற்று அடக்கம். நான் காலையிலிருந்தே ராவுத்தர் வீட்டில் இருந்தேன். அன்று காயெடுப்பு இல்லாததால் ஊரிலேயே இருந்த என் தோட்டத்துப் பெண்கள், கடைசியாக ஒரு தடவை அய்யா முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போனில் அழுதார்கள். லுகர் என்கிற மதியத் தொழுகை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள், நேரம் இல்லை. டிரைவரைக் கூப்பிட்டு, எல்லோரையும் ஒரே நடையில் ஏற்றிக்கொண்டு உடனே வா என்று சொன்னேன். ஜீப்பு வாசலில் வந்து நின்றது. பெண்கள் இறங்கினார்கள். இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் என்னை அறியாமல் எண்ணத் தொடங்கியிருந்தேன். இருபத்தொன்று. கூட்டத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவு வீட்டில் யார் அதைப் பார்ப்பார்கள்? அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவருக்காக வந்த அழுகை என்று எல்லோரும் என் தோளைத் தட்டினார்கள்.

பதினேழு வருடம் படித்தவன் நான். படிப்பு ஏன் முடியாது என்று அவர் சொன்னதெல்லாம் நேற்று அந்த வாசலில்தான் எனக்கு முழுதாக விளங்கியது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, தப்புச் செய்த அன்றே அதைப் பார்த்துவிடுகிற கண் ஒன்றுதான். தப்பே செய்யாத கையை அவராலும் எனக்குத் தர முடியவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நாளை மறுநாள் சனிக்கிழமை, மூன்று மணிக்கு, அதே கூடம். மகனிடம் சாவி கேட்டு வாங்கிவிட்டேன். டீ உண்டு. முதலில் நான்தான் எழுந்து நிற்கப் போகிறேன். நான் செஞ்சது, இருபத்தொரு பேர்.