பூமாலைக்கு ஓர் ஆணி

கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்கு எதிரே, அரிசி மில் சுவரில்தான் அந்தப் பெயின்டரைப் பார்த்தேன். ஒடிந்து விழுகிற உடம்பு. சுண்ணாம்பு தின்ற விரல்கள். ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த தலைவரைத் தேர்தலுக்காக வரைந்துகொண்டிருந்தார். தலைவர் தொடங்கிய கட்சி இரண்டாக உடைந்து, இரண்டும் அவர் முகத்தைக் காட்டியே ஓட்டுக் கேட்டன. மில்லில் ஆளுக்கொரு சுவர், இரண்டுக்கும் இவரே பெயின்டர்.

வரைந்து முடித்ததும் படத்தின் மார்பில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். அது அவர் பழக்கம்.

அன்று இரண்டு படத்துக்கும் மேலே ஆணி அடித்தார்.

"ஆணி இன்னாத்துக்குண்ணா?"

"மாலை போடத்தான். ரெண்டு கட்சிக்காரங்களும் சொல்லிட்டாங்க."

"அவரு உசுரோடதான கீறாரு?"

சுவரில் காதை வைத்தபடியே சொன்னார்: "கீறாரு. ஓட்டுப் போடறதுக்குள்ள போயிடுவாருன்னு நம்பிக்கினு கீறாங்க."

மறுநாள் காலை ஷிஃப்டுக்குப் போகும்போது இரண்டு ஆணியிலும் ஈர மாலை தொங்கியது. தலைவர் கண் விழித்துக் கஞ்சி குடித்ததாக டீக்கடை ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

பெயின்டரைக் காணவில்லை. யாரும் பார்க்காதபோது நானும் ஒரு படத்தின் மார்பில் காதை வைத்தேன். வெயில் இன்னும் ஏறாத அந்தச் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.