பத்துப் பல் வயர்

பெட்டியைத் திறந்ததும் கஞ்சி போட்ட புதுத்துணியின் வாசம் வந்தது. உள்ளே துணி எதுவும் இல்லை. பழைய கம்ப்யூட்டர், திரை, பணம் போடும் இழுப்பறை, பில் அடிக்கும் சின்ன மெஷின், பிசுபிசுத்த வயர்கள். ஈப்போவில் மூடிவிட்ட ஒரு துணிக்கடையிலிருந்து என் கணவரின் அக்கா ரெஜினா மொத்தமாக வாங்கி வந்த கல்லாச் சாமான்கள். மூடியைப் பிடித்தபடி நான் அப்படியே நின்றேன். மின்சாரச் சாமான்களுக்குள் துணி வாசம் தங்கியிருப்பது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். எனக்கு அது மதுரை. விளக்குத்தூண் பக்கத்து ஜவுளிக்கடை, பில் போடும் மேசை, தீபாவளிச் சனத்தின் சூடான மூச்சு. கல்யாணத்துக்கு முன் என் இளமை அங்கேதான் கழிந்தது. கல்யாணமாகி மலேசியாவின் பத்து காஜாவுக்கு வந்தபின் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கும் வாயில்லை.

ரெஜினா அக்கா பீடோர் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவர். அப்பா அம்மா இருவரும் பால்மரம் சீவினார்கள். அக்கா கையுறை ஃபேக்டரியில் நின்று நின்றே தலை நரைத்தவர். அவர் பத்து காஜாவில் சொந்தமாக மளிகைக்கடை போடுகிறார் என்றால், மூன்று தலைமுறையில் அந்த வீட்டில் முதல் முதலாளி அவர்தான். மறுநாள் காலை ஃபாதர் வந்து ஜெபித்துக் கடையைத் திறக்க வேண்டும். ஃபேக்டரித் தோழிகள் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் பாக்கெட்டில் உள்ள கோடுகளைப் படித்து விலை சொல்லும் கைமெஷின் மட்டும் செத்துக் கிடந்தது.

“வெரலால நம்பர தட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்னு வையி, இவளுக்கு எதுக்குலா கடைன்னுவாளுங்க,” என்றார். இந்த நாட்டு ‘லா’வை ஒட்டிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

கைமெஷினில் வயர் இல்லை. கைப்பிடியின் அடிப்பக்கம் ஏதோ கண்ணாடிபோல் அடைத்திருந்தது. “அது வயர்லெஸ்லா செல்வி. இப்ப எல்லாமே வயர்லெஸ்தான். பேட்டரி செத்திருக்கும்,” என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். சார்ஜ் ஏற்ற ஓட்டை தேடினோம், இல்லை. பெட்டியின் அடியில், உறை கூடப் பிரிக்காத ஒரு வயர் மட்டும் மிஞ்சியிருந்தது. சுருள் சுருளாக, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் கறுப்பு வயர். ஒரு முனை எந்தக் கம்ப்யூட்டரிலும் நுழையும் சாதாரண யூஎஸ்பி. மறு முனை கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக், நெட் வயரின் மூக்கு மாதிரியே. கம்ப்யூட்டரின் நெட் ஓட்டையில் வைத்தால் நுழைவதுபோல் பாசாங்கு செய்துவிட்டு விளிம்பிலேயே நின்றுகொண்டது. அக்கா கம்ப்யூட்டரின் முதுகெல்லாம் தடவி, பில் மெஷினில் வைத்துப் பார்த்து, இழுப்பறையில் வைத்துப் பார்த்து, கடைசியில் தூக்கி மேசைமேல் போட்டார். “புது மாப்பிள்ள மாதிரி முறுக்கிக்கிட்டு நிக்கிதுலா. வா, ஈப்போவுக்குப் போயி கம்ப்யூட்டர் கட வச்சிருக்கற அஃபீஸ்கிட்ட காட்டலாம்.”

இந்த நாட்டில் வயருக்கு இன்னொரு பெயர் தாலி. மலாய் மொழியில் கயிறு, வடம் எல்லாமே தாலிதான். போனுக்குச் சார்ஜ் ஏற்றும் வயரும் தாலி. வந்த புதிதில் ஒரு போன் ரிப்பேர் கடையில் மலாய்ப் பெண்ணொருத்தி என் போனைக் கையில் வாங்கிக்கொண்டு, “தாலி அடா?” என்றாள். வயர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். எனக்குக் காதில் விழுந்த ஒரே தமிழ்ச்சொல் அது. வெளிநாட்டில் ஒருத்தி என் தாலியைப் பற்றிக் கேட்கிறாளே என்ற ரோஷத்தில் சங்கிலியை வெளியே இழுத்து, “இருக்கு, இருக்கு. வீட்டுக்காரரும் இருக்காரு,” என்றேன். சிலுவை பதித்த தாலியோடு நாலைந்து ஊக்குகள் கலகலத்தன. அவள் ஊக்கைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கூட வந்திருந்த ரெஜினா அக்கா சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்தார். புடவை கட்டும் நம் பெண்களில் யார் தாலியில்தான் ஊக்கு தொங்கவில்லை? இங்கே பலர் வேலை நாட்களில் தாலியைப் பீரோவில் வைத்துவிட்டுக் கால்சட்டையில் போகிறார்கள். அன்றிலிருந்து அக்காவுக்கு என் கழுத்து ஒரு ஹார்ட்வேர் கடை.

ஈப்போவில் அந்த மலாய்க்காரர் அஃபீஸின் கம்ப்யூட்டர் கடையில் கூட்டம். அவர் வயரை வெளிச்சத்தில் பிடித்து, தெளிந்த முனைக்குள் பல் மாதிரி வரிசையாக இருந்த பொன்னிறக் கம்பிகளை நகத்தால் எண்ணினார். நெட் வயருக்கு எட்டு. இதற்குப் பத்து. அதனால்தான் அகலம், அதனால்தான் பிடிவாதம். “காக், தாலி நி பிஸ்தோல் புன்யா,” என்றார். காக் என்றால் அக்கா.

தாலி பழகிவிட்டது. பிஸ்தோல் புதிது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். “இந்த வயரு துப்பாக்கியோடதாம்,” என்றார். அஃபீஸ் விரலை நீட்டி மேசைமேல் இருந்த தண்ணீர் போத்தலைச் சுட்டுக் காட்டினார். அக்கா மலாயில் ஏதோ வாதாடினார். எங்களுடையது வயர்லெஸ், அதில் செருக ஓட்டையே கிடையாது என்றாராம். மெஷினைக் கொண்டு வந்தீர்களா என்று அவர் கேட்டார். கொண்டு வரவில்லை. தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

காரில் ஏறி, திரும்பும் வழியில் லகாட் தாண்டும்வரை அந்த நீட்டிய விரல் என் கண்ணுக்குள்ளேயே இருந்தது. துப்பாக்கி. விளக்குத்தூண் கடையில் நாங்களும் இந்தக் கைமெஷினை அப்படித்தான் சொன்னோம். “அண்ணே, என் துப்பாக்கி சுடல,” என்று கத்துவோம். வயர் இற்றுப்போனால் ஆளுக்குக் காத்திருக்க மாட்டோம், நாங்களே மாற்றுவோம். கைப்பிடியில் கடுகு நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதைக் குத்தினால்தான் பழைய வயரின் மூக்கு பிடியை விடும். எனக்குச் சட்டென்று விளங்கியது. கைப்பிடியின் அடியில் இருந்தது அடைப்பே இல்லை. யாரோ பழைய வயரை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள், மூக்கு மட்டும் உள்ளேயே தங்கிவிட்டது. புது வயர் வாங்கியவர்களுக்கு அதை எடுக்கத் தெரியவில்லை.

கடைக்குத் திரும்பியதும் மெஷினைக் கவிழ்த்துப் பிடித்தேன். துளை இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நோண்டாதே செல்வி. ஒடைஞ்சா நாளைக்கு நான் எங்க போயி வாங்குவேன்?”

“மதுரையில எனக்கு இதான்க்கா வேல. பில்லு போட்டுக்கிட்டு இருந்தவ நான்.”

“இத்தன வருசமா சொல்லவே இல்ல?”

“நீங்க கேக்கவே இல்லியே.”

அவர் பிடி தளர்ந்தது. நான் சங்கிலியை இழுத்து, தாலியிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றி நிமிர்த்தி, துளைக்குள் விட்டு அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் சாய்த்து மறுபடி அழுத்தினேன். ‘டக்’. வெட்டுப்பட்ட ஒரு துண்டு, நூல் மாதிரி நான்கு கம்பி வாலோடு, மேசையில் விழுந்தது. பத்துப் பல்லும் அதற்கும் இருந்தது. புது வயரைச் செருகியபோது அது முறுக்கவில்லை. நேராகப் போய் உட்கார்ந்துகொண்டது. யூஎஸ்பியைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் கண்ணாடியில் சிவப்புக் கோடு எரிந்தது. மல்லித்தூள் பாக்கெட்டைக் காட்டினேன். ‘டூட்’. திரையில் விலை வந்து நின்றது.

அக்கா மெஷினை என் கையிலிருந்து பிடுங்கி மிளகை, சேமியாவை, பற்பசையைச் சுட்டார். சுருள் வயர் நீண்டவரை போய்ப் போய்ச் சுட்டார். கடைசியில் என் கழுத்துக்கு நேரே பிடித்து, “இந்த ஹார்ட்வேர் கடைக்கு என்னா வெலலா?” என்றார். இந்த நாட்டில் எனக்குப் பாராட்டு கிடைக்காமல் இல்லை. குழம்பு நன்றாயிருக்கிறது என்பார்கள், கோலம் நன்றாயிருக்கிறது என்பார்கள். அதெல்லாம் எந்த மருமகளுக்கும் கிடைப்பது. மதுரையில் நான் உழைத்த வருடங்கள் கடல் தாண்டி வந்து ஒரு கடையைத் திறக்க வைத்தது அன்றுதான். அன்று நான் யாருக்கும் அடக்கம் காட்டவில்லை.

சாயங்காலம் கதவை இழுத்துப் பூட்டியபின் அக்கா சாவியைப் பையில் போடாமல் நின்றார். இங்குள்ள தமிழர்கள் ஊர் என்று சொன்னால் அது இந்தியாதான். இவர்கள் பிறந்த மண்ணுக்கு அந்தச் சொல் இல்லை. நானோ தொலைபேசியில் அம்மாவிடம் பத்து காஜாவைத்தான் “எங்க ஊரு” என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். அம்மா ஒவ்வொரு முறையும், “எந்த ஊரு?” என்று கேட்கிறார்.

“நாளைக்கு ஃபேக்டரிக்காரிங்க கேப்பாளுங்க, மெஷின் யாரு போட்டதுன்னு,” என்றார் அக்கா. “ஊர்லேருந்து வந்தவன்னு சொல்லவா, நம்ம பத்து காஜாக்காரின்னு சொல்லவா?”

நான் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். தெருவின் இந்தப் பக்கம் அவர் கார், அந்தப் பக்கம் என் வீட்டுக்குப் போகும் வழி.

“சரி, நீ யோசி,” என்றார் அக்கா. “காலையில கல்லாவுல ஒக்காரும்போது நீயே சொல்லிக்க. வாரேன்லா.”