ஆரணியில் பச்சை, சென்னையில் சிவப்பு

2007-ஆம் வருடம், வைகாசி மாதம். கத்திரி வெயில் ஆரணியைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு கட்டடம். கீழே பட்டு நெய்யும் பவர்லூம்கள், மாடியில் எங்கள் சாஃப்ட்வேர் ஆபீஸ். ஆரணியில் சாஃப்ட்வேர் ஆபீஸா என்று சிரிக்காதீர்கள், என் மாமியாரே நம்பவில்லை. மருமகளுக்கு டைப் இன்ஸ்டிட்யூட்டில் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு என்னிடம் ஒரு சீட் வேறு கேட்டுவிட்டார்.

நிஜத்தில் நாங்கள் ஐந்தாறு பேர்தான். தலைமை ஆபீஸ் சென்னையில். பட்டுக் கடைக்காரர்களுக்கான சாஃப்ட்வேர் எங்களுடையது. கல்யாணத்துக்குப் புடவை ஆர்டர் வந்தால், அதை எந்தத் தறியில் எந்த நாளில் தொடங்குவது, எந்தத் தேதியில் கடைக்குக் கொடுப்பது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். யாரோ ஒரு கடைக்காரருக்காகச் சின்னதாக ஆரம்பித்ததாம். வருஷம் போகப் போக ஆளாளுக்கு எழுதி, கோடு, அதாவது ஜாவா மொழியில் கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளை வரிகள், ஆயிரக்கணக்கான ஃபைல்களாகப் பெருத்துவிட்டது. எழுதியவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் பறந்துவிட்டார்கள். அவர்கள் போட்டது போட்டபடி விட்டுப்போன வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற வேலை என் தலையில் விழுந்தது.

புரோகிராமுக்குள் யாரும் கூப்பிடாமல் கிடக்கிற ஃபங்ஷன், ஒரே கணக்கை மூன்று இடத்தில் போடுகிற கோடு, 'தற்காலிகம்' என்று குறிப்பு எழுதிவிட்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்ட வரி, எதைப் பார்த்தாலும் எனக்குக் கை அரிக்கும். அழித்துவிட்டுத்தான் மறு வேலை. என்னோடு வேலை பார்த்த களம்பூர்க்காரர் எனக்கு முனிசிபாலிட்டி என்றே பேர் வைத்துவிட்டார். காலையில் நான் உள்ளே நுழைந்தால் போதும், "குப்பை வண்டி வந்துகினு கீது, அவங்கவங்க குப்பைய எட்த்து வெளிய வைங்கப்பா" என்று குரல் கொடுப்பார். எனக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

பில்டு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் எழுதியதை ஒன்றாகச் சேர்த்து, ஓடுகிற ஒரே புரோகிராமாகக் கட்டுவதற்குத்தான் பில்டு என்று பெயர். கட்டி முடித்ததும் சின்னச் சின்னச் சோதனைகள் நூற்றுக்கணக்கில் தானாகவே ஓடும். எல்லாம் தேறினால் திரையில் பச்சை. ஒன்றே ஒன்று தவறினாலும் சிவப்பு. சிவப்பு வந்தால் அன்றைக்கு எந்தக் கடைக்கும் புது வெர்ஷன் போகாது.

ஒருத்தர் மெஷினில் ஓடும், இன்னொருத்தர் மெஷினில் ஓடாது என்கிற கூத்தையெல்லாம் நான் வந்த வேகத்தில் ஒழித்துக்கட்டியிருந்தேன். எல்லா மெஷினிலும் ஒரே ஜாவா வெர்ஷன்தான் இருக்க வேண்டும். காலி ஃபோல்டரில் மொத்த கோடையும் புதிதாக இறக்கித்தான் பில்டு போட வேண்டும். புதிதாக எதை எழுதினாலும் அதற்கொரு சோதனையும் சேர்த்தே எழுத வேண்டும். இதில் அண்ணன் தம்பி தாட்சண்யமெல்லாம் கிடையாது. களம்பூர்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவார், ஆனால் எழுதிவிடுவார்.

அப்படி இருந்தும் பங்குனியில் ஒரு நாள் சென்னையிலிருந்து போன். முந்தின நாள் காலை அவர்கள் போட்ட பில்டு சிவப்பாக விழுந்ததாம். பதறிப்போய் நாங்கள் போட்டுப் பார்த்தால், பச்சை. அவர்களும் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், அங்கேயும் பச்சை. எங்கே விழுந்தது என்று கேட்டால், "தேதி சம்பந்தமா ஏதோ" என்றார்கள். பழைய ரிப்போர்ட்டை அழித்துவிட்டு அதன் மேலேயே புது ரிப்போர்ட் எழுதுகிற ஏற்பாடு அங்கே. ஆக, தடயமும் இல்லை. நேற்று எங்களுக்கு லீவு, நாங்கள் யாரும் எதையும் தொடவே இல்லை, கோளாறு உங்கள் பக்கம்தான் என்று சொல்லிவிட்டோம்.

சித்திரையிலும் அதே கதை. ஒரு நாள் காலை அவர்களுக்குச் சிவப்பு, மறுநாள் இரண்டு ஊரிலும் பச்சை. அந்த முறையும் எங்களுக்கு அன்றைக்கு லீவு. அந்த முறையும் அந்த லீவையே சாட்சியாகச் சொன்னோம். களம்பூர்க்காரர் அதற்குப் 'பேய் பில்டு' என்று பேர் வைத்தார்.

சென்னையில் எங்களுக்கு மேலதிகாரி ஒரு மேடம். குரல் உயர்த்தவே மாட்டார், அதனால்தான் இன்னும் பயமாக இருக்கும். "உங்க கோடுல எங்கயோ குப்பை சேர்ந்திருக்கு. இதை நம்பிக் கடைக்கு அனுப்ப முடியல. மொத்தத்தையும் இங்கேயே கொண்டு வந்துடலாம்னு பேச்சு நடக்குது" என்றார் போனில். விருப்பமுள்ளவர்கள் சென்னைக்கு வந்து சேரலாமாம். கடைசியாக ஒரு முறை தானே ஆரணிக்கு வந்து, தன் லேப்டாப்பில் பில்டு போட்டுப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஒரு தேதியும் கொடுத்தார்.

எனக்குச் சென்னை என்றால் வேலையை விடுவது என்று அர்த்தம். கணவருக்கு ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிற சேத்துப்பட்டில் பள்ளிக்கூட வேலை, மகள் எல்.கே.ஜி. எங்களோடு இருந்த படவேட்டுப் பெண்ணின் நிலைமை இன்னும் மோசம். அந்த ஊருக்கு இருக்கிற ஒன்றிரண்டு பஸ்ஸைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவாள். அவள் வீட்டில் கூலி வேலைக்குப் போகாமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். சென்னையில் ஹாஸ்டல் என்றால் வீட்டில் விடமாட்டார்கள். அந்தக் கவலைக்கு நடுவிலும், உண்மையைச் சொன்னால், குப்பை என்ற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு ஆறவே இல்லை. முனிசிபாலிட்டியைப் பார்த்துக் குப்பை என்பதா?

இதில் இன்னொரு கூத்து. மேடம் கொடுத்த தேதி அமாவாசை. எங்கள் ஊரில் அமாவாசையன்று தறி ஓடாது. ஞாயிற்றுக்கிழமைகூட ஓடும், அமாவாசைக்கு ஓடாது. நெசவுக் குடும்பங்களுக்கு அன்றுதான் ஓய்வு. கட்டடக்காரர் பரம்பரை நெசவாளி, மொத்தக் கட்டடத்தையும் பூட்டிவிடுவார். அதனால் எங்களுக்கும் இரண்டாம் சனிக்கிழமைக்குப் பதில் அமாவாசைதான் லீவு. அன்றைக்கு லீவு மேடம் என்று சொல்லிப் பார்த்தேன். நான் ஏதோ சாக்குச் சொல்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். "நல்லதாப் போச்சு, தொந்தரவு இல்லாம உக்காந்து பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். களம்பூர்க்காரர் கட்டடக்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சாவி வாங்கி வந்தார். தறிப்பக்கம் யாரும் போகக்கூடாது, கம்ப்யூட்டரை வேண்டுமானால் ஓட்டிக்கொள்ளுங்கள் என்று அனுமதி கிடைத்தது.

மேடம் காரை விட்டு இறங்கிய இடத்தில், பக்கத்துக் கடைக்காரர் திருஷ்டிக்கு உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. சேலையைத் தூக்கிப் பிடித்துத் தாண்டி வந்தார். ஆரம்பமே சிவப்பு என்று நான் மனதுக்குள் நொந்துகொண்டேன். காபி வேண்டாம் என்றார். உட்கார்ந்தார். நாங்கள் போட்டிருந்த அதே விதிப்படி காலி ஃபோல்டர், புதிதாக இறக்கிய கோடு. பில்டு ஓட ஆரம்பித்தது. படவேட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிவப்பு.

மேடம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் என் மெஷினுக்கு ஓடினேன். அங்கேயும் சிவப்பு. களம்பூர்க்காரர் மெஷினிலும் சிவப்பு, படவேட்டுப் பெண்ணின் மெஷினிலும் சிவப்பு. நேற்று சாயங்காலம் வரை பச்சையாக இருந்தவை. களம்பூர்க்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "போச்சு, பேஜாராப் பூட்சு" என்று அவர் முனகியது எல்லோருக்கும் கேட்டது.

எனக்கோ, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரே சந்தோஷம்! இரண்டு மாதமாகச் சென்னைக்காரர்கள் கண்ணுக்கு மட்டும் தெரிந்த பேய், இன்றைக்கு என் கண் முன்னால் நிற்கிறது. எதிரில் வந்துவிட்டால் பிடித்துவிடலாம் இல்லையா? "மேடம், இங்கயும் விழுது மேடம்!" என்று நான் கூவியதைக் கேட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேலை போகப் போகிறவள் இப்படிக் குதித்து அவர் பார்த்திருக்க மாட்டார்.

விழுந்தது ஒரே ஒரு சோதனை. மாசி மாதக் கடைசியில் களம்பூர்க்காரர் எழுதியது. இன்றைக்கு ஒரு ஆர்டர் வந்தால் தறியில் இன்றைக்கே வேலை தொடங்குகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. தொடங்க வேண்டியது இன்றைய தேதி, ஆனால் சாஃப்ட்வேர் சொன்னது நாளைய தேதி என்று திரையில் எழுதியிருந்தது. மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். புரோகிராமை வரி வரியாகப் படித்தோம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஒன்றும் புரியாமல் மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தோம்.

அப்போதுதான் மேடம் நிமிர்ந்து கேட்டார். "ஏங்க, உங்களோட போன் பேசும்போதெல்லாம் பின்னாடி டக் டக்குன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்குமே. இன்னைக்கு ஒண்ணையும் காணோம்?"

களம்பூர்க்காரர் தலையைத் தூக்காமலே பதில் சொன்னார். "அது தறி சத்தம் மேடம். இன்னிக்கு அமாவாசை ஆச்சே, தறி ஓடாது. நாளைக்குத்தான் ஓடும்."

சொல்லிவிட்டு அவரே நிமிர்ந்தார். நான் திரையைப் பார்த்தேன். இன்றைக்கு இல்லை, நாளைக்கு. சாஃப்ட்வேரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது! அமாவாசைக்குத் தறி ஓடாது என்பதை அதற்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். ஒவ்வொரு வருஷமும் பஞ்சாங்கத்தைப் பார்த்து அமாவாசைத் தேதிகளை உள்ளே ஏற்றுவோம். சாஃப்ட்வேர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறது. சோதனைதான் அமாவாசையை மறந்துவிட்டு 'இன்றைக்கே தொடங்கு' என்று அடம்பிடித்திருக்கிறது. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அது விழும். அந்த ஒரு நாள்தான் எங்கள் ஆபீஸ் பூட்டியிருக்கும். சென்னையில் திறந்திருக்கும்!

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம். நாங்கள் லீவில் இருந்தோம், நாங்கள் லீவில் இருந்தோம் என்று போனில் வாய் கிழியச் சொன்னோமே, அந்த லீவிலேயே விடை இருந்திருக்கிறது.

"கம்ப்யூட்டர் தேதிய மாத்திப் பாக்கட்டுமாக்கா?" என்றாள் படவேட்டுப் பெண். தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளினாள். பச்சை! மேடம் தான் எங்களுக்கு அனுப்பிய மெயில்களைத் திறந்து, சித்திரையில் பில்டு விழுந்த தேதியைச் சொன்னார். சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் அந்தத் தேதிக்கு நேராக அமாவாசையின் கறுப்பு வட்டம். தேதியை அதற்கு மாற்றினால் சிவப்பு. ஆபீஸே கைதட்டியது. பங்குனித் தேதிக்கு மாற்றினோம், சிவப்பு. களம்பூர்க்காரர் விசில் அடித்தார். அடுத்த மாத அமாவாசை, சிவப்பு. அந்தத் தடவை மேடமும் கைதட்டினார். சிவப்பு வந்ததற்காக ஆட்டம் போட்ட சாஃப்ட்வேர் ஆபீஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

திருத்தம் என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இன்றைய தேதியை எடுத்துக்கொள்ளாமல், குறிப்பிட்ட ஒரு சாதாரண நாளை அந்தச் சோதனைக்குக் கொடுத்தோம். அமாவாசைக்கென்று தனியாக இன்னொரு சோதனை சேர்த்தோம். மறுபடி பில்டு போட்டதும் மேடத்தின் லேப்டாப்பில் பச்சை வந்தது. படவேட்டுப் பெண் அழுதே விட்டாள்.

ஆரணிக்கு வந்தவருக்குப் பிரியாணி வாங்கித்தர முடியாமல் அமாவாசையாகப் போச்சே என்று களம்பூர்க்காரர் புலம்பிக்கொண்டிருந்தார். அதற்குள் என் மாமியார், காக்கைக்குச் சோறு வைத்த கையோடு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று பெரிய கேரியராக என் கணவரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். மேஜை மேல் பேப்பரை விரித்து எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கிக்கொண்ட மேடம், "நான் குப்பைன்னு சொன்னது தப்பு. இவ்வளவு பெரிய கோடு இவ்வளவு சுத்தமா இருந்து நான் பாத்ததில்ல. ஒரே ஒரு சோதனைதான் விழுந்துச்சு, போட்ட எல்லா மெஷின்லயும் அதே சோதனைதான் விழுந்துச்சு. அதனாலதான் இன்னைக்குப் பிடிக்க முடிஞ்சது. இந்த வேலை இங்கேயே இருக்கட்டும், நான் பேசிக்கறேன்" என்றார். களம்பூர்க்காரர் என் பக்கம் குனிந்து, "முனிசிபாலிட்டிக்கு மெடல் குத்திட்டாங்கக்கா" என்று கிசுகிசுத்தார்.

சொன்னபடியே பேசினார். ஆபீஸ் அதே மாடியில் பல வருஷம் நடந்தது. படவேட்டுப் பெண் பிறகு எங்கள் எல்லோருக்கும் மேலே டீம் லீடராகி, என்னையே விரட்டி வேலை வாங்கினாள். அமாவாசைக்கு ஒருத்தராவது வீட்டிலிருந்தபடி சென்னைக்குப் போன் போட்டு பில்டு என்ன நிறம் என்று விசாரிப்பது எங்களுக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் எத்தனையோ பேரோடு வேலை பார்த்துவிட்டேன். ஆனால், நான் இல்லாத நாளிலும் என் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்காமல், 'என்கிட்ட எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று யாரிடமும் சொல்ல இன்றுவரை எனக்கு வாய் வருவதில்லை.