இரண்டு விரல் இடைவெளி

மனித குலத்தின் நன்மையை முன்னிட்டு இதை அறிவிக்கிறேன்: என் இடது கை நடுவிரல் மடங்காது. எலும்பு மருத்துவரின் சான்றிதழ் இருக்கிறது. ஆகவே இது கட்டுக்கதை அல்ல.

அறுபது வயதான கார் ஒன்று வாங்கியிருந்தேன். ஓட்டுவதற்கல்ல. பழைய கார்க் கண்காட்சியில் எதிர்வீட்டு டாக்டரை மண்ணைக் கவ்வ வைப்பதற்கு. போன வருடம் கோப்பை வாங்கியதிலிருந்து அவர் வணக்கம் சொல்வதே ஆசீர்வாதம் போல இருக்கும். காரை விற்ற அம்மாள், முன்பக்கம் லேசாக அடிபட்டது என்று மட்டும் சொன்னார்.

பழுது பார்த்தவன் என் மனைவியின் தம்பி, மெக்கானிக். பிரேக் குழாய் சைலன்சருக்கு இரண்டு விரல் இடைவெளியில் ஓடுவதைக் காட்டினான்.

"சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சா, பெடல் பொசுக்குனு தரைக்குப் போயிடும் மாமா. குழாயை அந்தப் பக்கம் மாத்திடறேன்."

அசல் மாறினால் மார்க் போய்விடும் என்றேன். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிந்தது சாவியோடு முடிகிறது. இருந்தாலும் தீர்ப்பு என்னுடையது.

"உங்களுக்காக இல்ல. எங்க அக்கா இதுல ஏறுவா" என்றவன், குழாயைத் தளர்த்திவிட்டு நாலு கிளிப் வாங்கக் கிளம்பினான்.

பிற்பகல் 3.10. அவன் வருவதற்குள் குழாயைப் பழைய இடத்திலேயே முடுக்கிவிட வண்டிக்கு அடியில் புகுந்தேன். காரின் துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி எடுத்திருந்தோம். கழற்றிய சீட் சுவரோரம் இருந்தது. படுத்தபடியே பிரேக் பெடல் தெரிந்தது.

3.14. டக்.

பெடல் ஒருமுறை இறங்கி ஏறியது. காற்று என்று நினைத்தேன். படித்தவன் அல்லவா?

டக்... டக்...

சைலன்சர் மேல் வலது கை பட்டது. உள்ளங்கைத் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. இரண்டு வாரமாக ஓடாத எஞ்சின்...

டக் டக் டக் டக்...

மேலே பார்த்தேன்.

பெடலில் ஒரு பழுப்பு ஷூ. வலது கால். முழங்காலுக்கு மேல் ஒன்றுமில்லை.

கத்த வாயைத் திறந்தேன். அந்தக் கால் ஓட்டை வழியாக இறங்கி என் வாயில் மிதித்தது. பல் ஒன்று தொண்டைக்குள் போனது. மறுபடி மிதித்தது. மறுபடி. பிடிக்காத பிரேக்கை மிதிக்கிற மிதி.

குழாயைப் பிடித்திருந்த இடது கை மேல் ஒன்று.

விரல் ஒடிந்தது. சத்தம் கேட்டது.

கையை விட்டேன்.

மிதி நின்றது.

3.22. மைத்துனன் என் காலைப் பிடித்து வெளியே இழுத்தான். முகத்தைப் பார்த்தான். பிறகு அடியில் டார்ச் அடித்தான். குழாய் மறுபக்கமாக ஓடியது. வளைவு பிசகவில்லை. நாலு கிளிப்.

"கிளிப் ஏது மாமா?"

வாங்கி வந்த நாலும் அவன் கையில் இருந்தன.

வாய் ஆறியதும் அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். மலை இறக்கத்தில் இந்தக் காரை ஓட்டிப் போய் மோதித்தான் அவர் கணவர் இறந்திருக்கிறார். மறுநாள் போலீஸ் சோதித்தபோது பிரேக் கல் போல உறுதியாக இருந்ததாம். சூடு ஆறினால் அப்படித்தான் திரும்பிவிடும் என்று மைத்துனன் சொன்னான். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கவே இல்லை என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

"கடைசி வரைக்கும் மிதிச்சிட்டேதான் இருந்தார். நான் பக்கத்துல இருந்தேன். யாரும் நம்பல."

போனை வைக்கும் முன் சொன்னார்:

"வலது கால் ஷூ மட்டும் கிடைக்கவே இல்ல."

கண்காட்சியில், பிரேக் குழாய் அசல் பாதையில் இல்லையென்று நடுவர் இரண்டு மார்க் குறைத்தார். கோப்பை டாக்டருக்கு.